தவறு நடந்தால் யார் தலையில் விடியும்? ஏஐயை எடை போடும் முறை

உசிலம்பட்டிப் பக்கத்து ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு ஒன்றின் செயலாளர் கேட்டிருக்கிற கேள்வி இது. அவர்களிடம் மூன்று பேர் அடுத்தடுத்து வந்திருக்கிறார்கள். ஒருவர் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏஐ கேமராவில் கண் பரிசோதனை முகாம் நடத்தித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஐந்தே நிமிடத்தில் கடன் தகுதியைச் சொல்லும் செயலியைக் கொண்டுவந்திருக்கிறார். மூன்றாமவர் பிள்ளைகளுக்கு ஏஐ டியூஷன் என்கிறார். "மொத்தத்தில் இது சமூகத்துக்கு நல்லதா, கெட்டதா? எதை வைத்து எடை போடுவது?"

மதுரைக்காரர்களுக்குப் பட்டிமன்றம் கேட்டுப் பழகிய காது. 'வரமா, சாபமா' என்று தலைப்பு வைத்து, நடுவர் ஒரு பக்கம் தீர்ப்புச் சொன்னதும் கைதட்டிவிட்டு எழுந்துபோகலாம். இந்தக் கேள்விக்கு அந்த வசதி கிடையாது. கண் படத்தைப் படிப்பது, கடனை மறுப்பது, பாடம் சொல்லித்தருவது மூன்றுக்கும் உள்ளே ஓடும் கணக்கு ஒரே வகையாக இருக்கலாம். ஆனால் ஊருக்குள் வந்து அவை செய்யும் வேலை வேறு வேறு. தனித்தனியாகத்தான் நிறுக்க வேண்டும். நிறுக்க நான்கு கேள்விகள் போதும். தவறினால் என்ன ஆகும்? அது யார் தலையில் விடியும்? தவறு நடந்தது அந்த ஆளுக்குத் தெரியவருமா? தெரிந்தால் யாரிடம் போய், எத்தனை நாளில் சரிசெய்ய முடியும்? லாபம் ஒரு கைக்கும் நஷ்டம் இன்னொரு கைக்கும் போகிற ஏற்பாடாக இருந்தால், இயந்திரம் எவ்வளவு துல்லியம் என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

நான்குக்கும் நல்ல பதில் கிடைக்கிற ஓர் உதாரணம் கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரையில் இருக்கிறது. தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டறிய 12 கோபுரங்களில் கேமராக்கள் வைத்து, வனத்துறை 2024 பிப்ரவரியில் ஏஐ எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. அது யானை இல்லாத இடத்தில் யானை என்று சொல்லிவிட்டால் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். வீண் எச்சரிக்கையின் விலை குறைவு, சரியான எச்சரிக்கையின் பலன் ஓர் உயிர். இப்படிப்பட்ட இடங்களில் தயங்க வேண்டியதில்லை.

உங்கள் மூன்றில் கண் முகாமுக்குத்தான் அளந்து பார்த்த எண்கள் அதிகம், அதிலும் மதுரை எண்கள். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் ஏஐயை கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்குச் சுமார் 1.28 லட்சம் படங்கள். படங்கள் தந்த மருத்துவமனைகளில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. பின்னர் அந்த இரண்டு இடங்களிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அளவு பாதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 88.9 பேரை இயந்திரம் கண்டுபிடித்தது. அந்த அளவு பாதிப்பு இல்லாதவர்களில் நூற்றுக்கு 92.2 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. அதே ஆய்வில் படம் பார்த்த மனிதர்கள், பாதிப்பு உள்ளவர்களில் 73 முதல் 90 சதவீதம் வரை கண்டுபிடித்தார்கள். ஆக, பயிற்சி பெற்ற மனிதருக்கு இயந்திரம் சளைத்ததில்லை.

இதை உங்கள் முகாமுக்குக் கணக்குப் போடுவோம். 400 சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் 60 பேருக்கு உண்மையிலேயே மேல்சிகிச்சை தேவை என்று வைத்துக்கொள்வோம் (60 என்பது கணக்குக்காக நான் வைத்த எண்). இயந்திரம் 53 பேரைக் கண்டுபிடிக்கும், 7 பேரை விட்டுவிடும். மீதி 340 பேரில் சுமார் 27 பேரை வீணாக மருத்துவமனைக்கு அனுப்பும். அதாவது "போய்ப் பாருங்கள்" என்று சீட்டு வாங்குகிற 80 பேரில் மூன்றில் ஒருவருக்கு அலைச்சல்தான் மிச்சம்: பஸ் காசு, ஒரு நாள் கூலி. அது சின்ன விஷயம் இல்லை என்றாலும் தாங்கக்கூடியது. விடுபட்ட 7 பேர்தான் கவலை. ஆனால் அவர்களை எதோடு ஒப்பிடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மதுரையில் உட்கார்ந்திருக்கும் நிபுணரோடு ஒப்பிட்டால் முகாம் தோற்கும். முகாமே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். அப்போது அந்த 60 பேரில் பலர் பார்வை மங்கும் வரை எங்கேயும் போயிருக்கமாட்டார்கள்.

ஆய்வில் வந்த எண் முகாமில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். இதே ஏஐயைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை 'படிக்கும் தரத்தில் இல்லை' என்று அது தள்ளிவிட்டது. காரணம் நோய் இல்லை, வெளிச்சம். விழித்திரையைப் படமெடுக்கக் கண் பாப்பா (கண்ணின் நடுவிலுள்ள கருமணி) நன்றாக விரிய வேண்டும். அதற்கு அறை இருட்டாக இருக்க வேண்டும். பல நிலையங்களில் அப்படி ஓர் அறையே இல்லை. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் வரிசையும் நீண்டது. உங்கள் சமுதாயக் கூடத்தில் ஜன்னலுக்குத் திரை போட முடியுமா? நோயாளியைப் படத்துக்கு முன் ஐந்து நிமிடமாவது இருட்டில் உட்கார வைக்க இடம் உண்டா? வயதானவர்களுக்குப் பாப்பா இயல்பாகவே சிறுத்திருக்கும், கண்புரை இருந்தால் படமும் மங்கும். அவர்கள்தான் அதிகம் தள்ளப்படுவார்கள், அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம். ஆகவே நிபந்தனை ஒன்று: படம் தெளிவில்லை என்றால் அந்த ஆளை மருத்துவமனைக்கு அனுப்புவோர் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'பிரச்சினை இல்லை' பட்டியலில் தவறியும் சேர்க்கக்கூடாது.

இன்னொன்று, சீட்டில் என்ன எழுதித் தருகிறார்கள் என்பது. இந்த ஏஐ சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கு மட்டும் பழகியது. கண் நீர் அழுத்தம், புரை எதையும் அது சொல்லாது. வெறுமனே 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுத்தால் அந்தச் சீட்டை நம்பி அடுத்த மூன்று வருஷம் யாரும் கண் காட்டமாட்டார்கள்; நல்லது செய்யப்போய்க் கெடுதல் நடப்பது இப்படித்தான். "இந்தப் படத்தில் சர்க்கரைப் பாதிப்பு தெரியவில்லை. ஒரு வருடத்தில் மறுபடி பாருங்கள். பார்வை மங்கினால் உடனே வாருங்கள்" என்று தமிழில் இருக்க வேண்டும். அனுப்பப்பட்டவர்களின் பெயர், கைபேசி எண், போன தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஏழாம் நாள் குழு உறுப்பினர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்கட்டும். ஏஐ எவ்வளவு நன்றாகக் கண்டுபிடித்தாலும் நோயாளி பஸ் ஏறாவிட்டால் பலன் பூஜ்யம். இவற்றுக்கு ஒப்புக்கொண்டால் தேதி கொடுத்துவிடுங்கள்.

கடன் செயலி முற்றிலும் வேறு கதை. இங்கே தவறு யார் தலையில் விடிகிறது என்று பாருங்கள். கட்டக்கூடிய ஒரு பெண்ணுக்குக் கடன் மறுக்கப்பட்டால் நிறுவனத்துக்குச் சொட்டு நஷ்டம் கிடையாது. ஒரு வட்டியை இழந்தது அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்தப் பெண் தினவட்டிக்காரரிடம் போவார். தவறு நடந்த செய்தி இயந்திரத்துக்குத் திரும்பி வருவதே இல்லை, அதனால் அது தன்னைத் திருத்திக்கொள்வதும் இல்லை. கண் முகாமில் ஒருவரை வீணாக அனுப்பினால் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். இங்கே சொல்ல ஆள் இல்லை.

இப்படிப்பட்ட மதிப்பீடு எதை வைத்துப் பழகியது என்று கேளுங்கள். மாதச் சம்பளம் வங்கியில் விழுகிறவர்கள், தன் பெயரில் தனி போன் வைத்திருப்பவர்கள், ஒரே முகவரியில் இருப்பவர்கள்: இவர்களின் பதிவுகளில் பழகிய கணக்கு, குழுவின் பெயரில் பத்து வருஷமாகத் தவணை தவறாமல் கட்டிய ஒருத்தியைப் பார்த்தால் 'வரலாறு இல்லை' என்றுதான் சொல்லும். மகன் போனையே பயன்படுத்துகிறவர், பருத்தி எடுப்புக்கும் மல்லிகை சீசனுக்கும் மட்டும் கையில் காசு புரள்கிறவர் எல்லாம் அதன் கண்ணுக்கு ஆபத்தானவர்கள். சாதியோ மதமோ கேட்கவில்லையே என்று சொல்வார்கள். தெருப் பெயரும் அஞ்சல் குறியீடும் பல ஊர்களில் அதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

இது வெறும் பயம் இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். ஆபத்தானவர் யார் என்று தரம் பிரித்த மென்பொருள், விண்ணப்பித்தவரின் குடியுரிமையையும் கணக்கில் எடுத்தது பின்னால் தெரியவந்தது. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. பக்கத்தில் தெலங்கானாவில், கணினி ஒப்பீட்டை நம்பி ரத்துசெய்யப்பட்ட சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளைக் களத்தில் போய் மறுபடி விசாரிக்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் காகிதத்தில் ஓர் அதிகாரி இருந்தார். 'கடைசி முடிவு மனிதருடையதுதான்' என்று உங்களிடமும் சொல்வார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் இயந்திரம் சொன்னதை அந்த மனிதர் எத்தனை முறை மாற்றினார்? பதில் பூஜ்யம் என்றால் அங்கே மனிதர் இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்தான் இருக்கிறது.

கடனில் உங்கள் கையில் சில சட்டப் பிடிகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி செயலி உங்கள் தொடர்பு எண்களையும், அழைப்புப் பதிவையும், போனில் உள்ள கோப்புகளையும் தொடக்கூடாது. அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமராவும் இருப்பிடமும் ஒருமுறை கேட்கலாம், அதுவும் சம்மதத்தோடு. மொத்த வட்டியையும் கட்டணத்தையும் ஒரே தாளில் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. நடைமுறையில் முதல் சோதனை இதுதான்: செயலி தொடர்பு எண்களைக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். கேட்கவில்லை என்றால் மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தமிழில் எழுதித் தருவீர்களா, கூட்டமைப்பின் பரிந்துரையை வைத்து மறுபரிசீலனை செய்வீர்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் வேண்டாம். வங்கி இணைப்புக் கடன் (சுயஉதவிக் குழுவுக்கு வங்கி தரும் கடன்) மெதுவாக வந்தாலும் மேலாளரை நேரில் பார்த்துக் கேட்க முடியும்.

டியூஷன் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சுமார் ஆயிரம் மாணவர்களிடம் நடந்த சோதனையில், கணக்குப் பயிற்சியின்போது சாதாரண சாட்ஜிபிடி போன்ற உதவியைப் பயன்படுத்தியவர்கள் 48 சதவீதம் அதிகம் சரியாகப் போட்டார்கள். பிறகு அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் அமைத்துத் தந்த இன்னொரு வகையைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆகவே வந்தவரிடம் கேட்க வேண்டியது எத்தனை பாடம் இருக்கிறது என்பதை அல்ல. பையன் ஒரு வரிகூட எழுதாமல் விடையைக் கேட்டால் அது கொடுத்துவிடுமா என்பதை. அங்கேயே போனை வாங்கிச் சோதித்துவிடலாம்.

தமிழ் இன்னொரு சிக்கல். இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து மிகக் குறைவு. பழகக் குறைவாகக் கிடைத்த மொழியில் இயந்திரம் அதிகம் உளறும், அதே தன்னம்பிக்கையோடு. இதற்கு ஒரு மலிவான சோதனை: பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலிருந்து விடை தெரிந்த 30 கேள்விகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று விதமாகக் கேளுங்கள்: புத்தகத் தமிழில் தட்டச்சு செய்து, நம்மூர்ப் பேச்சுத் தமிழில் வாயால், பிள்ளைகள் போனில் அடிக்கும் தங்கிலீஷில். ஓர் ஆசிரியர் திருத்தட்டும். மூன்று விதத்துக்கும் மதிப்பெண் ஒரே மாதிரி வராவிட்டால், எந்தப் பிள்ளைக்கு அது உதவும், எந்தப் பிள்ளையைக் குழப்பும் என்பது தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தில் இல்லாத ஐந்து உள்ளூர்க் கேள்விகளையும் சேருங்கள். 'தெரியாது' என்று சொல்கிறதா, கதை விடுகிறதா என்று பார்க்க. 30இல் 27க்குக் கீழே போனால் நான் பிள்ளைகள் கையில் கொடுக்கமாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் மூன்றையும்விட இதுதான் முதலில் உங்கள் ஊருக்கு வரும்: குரல் நகல். மூன்று விநாடிக் குரல் மாதிரியை வைத்தே ஒருவர் குரலில் பேசவைக்கும் ஆய்வை மைக்ரோசாஃப்ட் 2023இலேயே காட்டிவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும் பேச்சு அதற்குப் போதும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் குரலில் "அம்மா, விபத்து, உடனே பணம் அனுப்பு" என்று வந்தால், போனை வைத்துவிட்டு மகனின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை இன்றே பேசிவைத்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அடுத்த நாள் என்று தள்ளிப்போட்டால் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும்.

வேலை பற்றிச் சுருக்கமாக. உலக வேலைகளில் சுமார் 40 சதவீதத்தை ஏஐ ஏதோ ஒரு விதத்தில் தொடும் என்று 2024 ஜனவரியில் பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) கணித்தது. தொடுவது என்றால் பறிப்பது என்று பொருள் இல்லை. சுமார் 5,000 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஏஐ உதவியால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையின் அளவு 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு அதைவிட மிக அதிகம். சிக்கல் என்னவென்றால், புதியவரும் அனுபவசாலி மாதிரி வேலை செய்தால் நிறுவனத்துக்குப் புதியவர்கள் எத்தனை பேர் தேவை? நாற்று நடுகிறவருக்கும் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவருக்கும் இப்போதைக்கு இதில் ஆபத்து இல்லை. டிகிரி முடித்து டேட்டா என்ட்ரியிலோ கால் சென்டரிலோ கால் வைக்கலாம் என்றிருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் முதல் படி ஆட்டம் காண்கிறது.

மனித இனத்துக்கே ஆபத்து என்று சொல்பவர்களும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2024இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டன் அவர்களில் ஒருவர். அதை உசிலம்பட்டியில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. மின்சாரமும் அப்படித்தான்: 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி (41,500 கோடி யூனிட்) மின்சாரம் எடுத்தன, 2030இல் அது இருமடங்குக்கு மேல் ஆகும் என்பது பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணிப்பு. நாடுகள் பேச வேண்டிய விஷயங்கள் இவை.

உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை உங்கள் தாளில் எழுதியதே உங்கள் காவல். கண் படங்களையும் பிள்ளைகளின் பேச்சுப் பதிவுகளையும் வேறு எந்த ஏஐக்கும் பயிற்சிக்குத் தரக்கூடாது. வேலை முடிந்து 90 நாளில் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும். தவறுகளுக்குப் பொறுப்பான ஓர் ஆளின் பெயரும் எண்ணும் வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கூட்டமைப்பு விரும்பினால் அபராதம் இல்லாமல் விலகலாம். இந்த நான்கும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை' என்று சொன்னால் அந்த ஆளால் எதையும் அழிக்க முடியாது என்று அர்த்தம்.

நாளை இதே மாதிரி ஒன்றை அரசுத் துறை கொண்டுவந்தால் ஒப்பந்தம் உங்கள் கையில் இருக்காது. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த ஏஐ கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. மக்களைத் தொடும் ஏஐயைப் பயன்படுத்துமுன் நியாயம், அந்தரங்கம், தவறான பயன்பாடு, தணிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையும் அதில் உண்டு. அந்த மதிப்பெண் தாளின் நகலை 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் வணிக ரகசியம் என்று 8ஆவது பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். எத்தனை பேர் நிராகரிக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் மேல்முறையீடு செய்தார்கள், எத்தனை பேருக்கு முடிவு மாறியது, மாற்றும் அதிகாரம் எந்தப் பதவியில் இருப்பவருக்கு என்று மட்டும் கேளுங்கள். இவை துறையின் சொந்தக் கோப்பில் இருக்கும் எண்ணிக்கைகள். ரகசியம் என்று சொல்லக் காரணம் கிடைக்காது. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.